ஓய்வுக்குப் பிறகு கடலோரத்தில் நெடுநாள் தங்குவது: கடலிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பணி ஓய்வு பெற்றாயிற்று, ஆண்டில் சில மாதங்கள் கடற்கரையில் போய்த் தங்கலாம் என்று நினைக்கிறீர்கள். இயற்கை வாழ்க்கைப் பாடம் சொல்லித்தரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா, அழகுக்காகச் சொல்லும் பேச்சா? உண்மையென்றால் எதைப் பார்ப்பது, எவ்வளவு நாள் பார்ப்பது?

உண்மைதான். ஆனால் கடல் யாரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. அங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அலுக்காமல் தொடர்ந்து பார்ப்பவருக்கே அது எதையாவது தருகிறது. இரண்டு நாள் வந்துபோகிறவர் கடலின் ஒரு முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். அந்த முகம் வாரத்துக்கு வாரம் எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க நேரம் வேண்டும். ஓய்வு பெற்றவரிடம் அது இருக்கிறது. நான் ஓய்வுக்குப் பிறகு ஆண்டுதோறும் பல வாரங்கள் கடலோரத்தில் தங்கிவருகிறேன். கடலறிவியல் படிப்பது அதற்கும் முந்தைய பழக்கம். இரண்டும் சேர்ந்து எனக்குப் புரியவைத்ததை எழுதுகிறேன்.

மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பாடத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். "அலை விழுந்தாலும் மீண்டும் எழுகிறது, மனிதனும் அப்படியே முயன்றுகொண்டிருக்க வேண்டும்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலை எதையும் முயல்வதில்லை; விழுந்த அலை மீண்டும் எழுவதும் இல்லை. கரைக்குச் சற்றுத் தள்ளி, அலை உடையாத ஆழத்தில் மிதக்கும் ஒரு மரத்துண்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அலை வரும்போது மேலே ஏறிச் சற்று முன்னே வருகிறது. அலை கடந்ததும் இறங்கிப் பின்னே போகிறது. ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே நீர் வட்டமாகச் சுழன்று தன் இடத்துக்கே திரும்புகிறது. கரையை நோக்கி ஓடிவருவது ஆற்றல்தான். ஆழம் குறைந்து, அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு நீரே மிஞ்சும் இடத்துக்கு வந்ததும், அலையின் அடிப்பகுதி தரையின் தடையால் பின்தங்க, மேற்பகுதி முந்திக்கொண்டு கவிழ்கிறது.

அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? காற்றே இல்லாத நாளிலும் உயரமான, சீரான அலைகள் கரைக்கு வருவதுண்டு. அவை எங்கோ தொலைவில் அடித்த புயலில் பிறந்தவை. வால்டர் மங்க் என்ற கடலியலாளர் 1963-ல் தம் குழுவினரோடு, அண்டார்க்டிகாவை ஒட்டிய தென்கடல் புயல்களில் எழுந்த அலைகளை நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை, பசிபிக் பெருங்கடலின் குறுக்கே வரிசையாகக் கருவிகளை வைத்து அளந்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்த பிறகும் அந்த அலைகள் தங்கள் ஆற்றலை அதிகம் இழக்கவில்லை. நீளமான அலைகள் வேகமாக ஓடுபவை; அவையே முதலில் கரை சேர்கின்றன. குட்டையானவை பிறகு வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டால் கரையில் நின்றபடியே ஒரு கணிப்பைச் செய்யலாம். அடுத்தடுத்த அலைகளுக்கு இடையே உள்ள வினாடிகளை எண்ணுங்கள். ஐந்தாறு வினாடிக்கு ஒன்றாக வந்தால் பக்கத்துக் காற்றின் வேலை. பதினைந்து வினாடிக்கு ஒன்றாக வந்தால் வெகுதூரப் புயலின் வேலை.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது பெரிய ஆறுதல். ஓய்வு பெற்றவர்களை வாட்டுவது, "நாற்காலியை விட்டு எழுந்ததும் நான் யாருமில்லாமல் போய்விட்டேனே" என்ற எண்ணம். பதவியும் பொறுப்பும் நம் வழியே கடந்துபோன ஆற்றல். அது நம்மை உயர்த்தியது, சற்று முன்னே தள்ளியது, பிறகு இறக்கிவிட்டது. நாம் தொடங்கிவைத்த ஒழுங்கிலும், நம்மிடம் வேலை கற்ற இளையவரின் கையிலும் அது இப்போது வேறெங்கோ ஒரு கரையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மிடமிருந்து எதையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அலை வருவதற்கு முன் என்னவாக இருந்தோமோ அதுவாகவே மீண்டும் இருக்கிறோம். அது போதாதா என்று கேட்டால், போதும் என்றே நான் சொல்வேன்.

அடுத்தது நேரம். ஓய்வின் முதல் மாதங்களில் பலர் தடுமாறுவது இதில்தான். போக வேண்டிய இடம் இல்லை, வரச்சொல்லும் ஆள் இல்லை, கிழமை மறந்துபோகிறது. கடலோரத்தில் வேறொரு கால அட்டவணை இருக்கிறது. அதை எந்த மேலதிகாரியும் போடவில்லை. பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப்பிடிக்கப் பூமிக்கு இன்னும் 50 நிமிடம் ஆகிறது. ஆகவே இன்று காலை 6 மணிக்கு முழுதாக வற்றியிருக்கும் கடல் நாளை ஏறக்குறைய 6.50-க்கு வற்றும், ஒரு வாரம் கழித்து நண்பகலுக்குப் போய்விடும், இரண்டு வாரத்தில் சுற்றிப் பழைய நேரத்துக்கு அருகே வந்துசேரும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. இடைப்பட்ட அரைநிலவு நாட்களில் இரண்டும் அடங்கிவிடும்.

உங்கள் நடையையும் வாசிப்பையும் உறக்கத்தையும் கடிகாரத்தோடு கட்டாமல் வற்றத்தோடு கட்டிப்பாருங்கள். சில நாள் விடியலில் நடப்பீர்கள், சில நாள் மாலையில். முதலில் குழப்பமாக இருக்கும். இரண்டாவது வாரத்தில் உடல் அதற்குப் பழகிவிடும். அப்போது ஒன்று தெளிவாகும்: ஓய்வில் நாம் இழந்தது ஒழுங்கை அல்ல, பிறர் நமக்குப் போட்டுத்தந்த ஓர் ஒழுங்கை மட்டும்தான். உலகத்தில் வேறு ஒழுங்குகள் ஏராளமாக இருக்கின்றன, அவற்றில் சேர விண்ணப்பம் போடத் தேவையில்லை.

இந்த நாளின் 24 மணி நேரமே நிலையானது இல்லை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஓதத்தின், அதாவது கடலின் இந்த ஏற்ற வற்றத்தின், உராய்வு பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அதன் விளைவாகவே நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. ஜான் வெல்ஸ் என்ற அறிஞர் 1963-ல், ஏறக்குறைய 40 கோடி ஆண்டுப் பழமையான பவளப் புதைபடிவங்களில் நாளுக்கு ஒன்றாகப் படிந்த வளர்ச்சி வரிகளை எண்ணிப்பார்த்து, அக்காலத்தில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 400 நாட்கள் இருந்தன என்று காட்டினார். நாட்கள் அப்போது அவ்வளவு குறுகியவை. கடிகாரத்தை அவ்வளவு நம்பி வாழ்ந்த எனக்கு இது மறக்க முடியாத செய்தி.

ஓதத்தில் இன்னும் ஒன்று. வற்றிய கடல் ஏறி முடிக்கும் ஆறு மணி நேரமும் நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. படகு விடுகிறவர்கள் தோராயமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவது மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மூன்று மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. அதாவது முதல் ஒரு மணி நேரம் எதுவுமே நடக்காதது போலத் தெரியும். நடுவே இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் வந்துவிடும். "ஓய்வு வாழ்க்கை எனக்கு ஒத்துவரவில்லை" என்று முதல் சில வாரங்களிலேயே முடிவு கட்டுபவர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. அவர்கள் முதல் மணி நேரத்து நீரை வைத்து மொத்த ஏற்றத்தையும் அளக்கிறார்கள். முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது நல்லது. நடுப்பகுதி வேகமாக வரும் என்பதால் அதற்குத் தயாராக இருப்பதும் நல்லது. பிள்ளைகளின் இடமாற்றம், துணையின் உடல்நலம், வீட்டை மாற்றுவது என்று பல காரியங்கள் ஒன்றாக வந்து நிற்பது அப்போதுதான்.

ஒரே நிலவு எல்லாக் கரையிலும் கடலை ஒரே அளவில் உயர்த்துவதில்லை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வேறுபாடு வரும். மத்தியதரைக் கடலின் பல இடங்களில் அரை மீட்டர்கூட இராது. ஃபண்டியில் நீர் இயல்பாக முன்னும் பின்னும் ஆடி வரும் நேரம், ஓதத்தின் நேரத்தோடு கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. அதனால் ஒவ்வொரு ஏற்றமும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்து பெருகுகிறது. கணவனும் மனைவியும் ஒரே ஆண்டில் ஓய்வு பெறலாம். ஒருவர் மறுவாரமே இயல்பாகிவிடுவார். மற்றவர் மாதக்கணக்கில் கலங்குவார். இதில் பலவீனம், மனவலிமை என்றெல்லாம் பேச இடமில்லை. ஒவ்வொருவரின் உள்ளே இருக்கும் விரிகுடாவின் நீளமும் ஆழமும் வேறு. துணையின் கலக்கத்தை நம் அளவுகோலால் அளக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இனி மணலுக்கு வருகிறேன். நெடுநாள் தங்கியவருக்கு மட்டுமே இது கண்ணில் படும். அமைதியான பருவத்தில் அகலமாகக் கிடந்த கரை, கொந்தளிப்பான பருவத்தில் சில நாட்களிலேயே குறுகிவிடும். நேற்று நடந்த இடத்தில் இன்று இடுப்பளவுக்கு ஒரு செங்குத்தான வெட்டு நிற்கும். முதல் முறை பார்ப்பவர் கடல் கரையைத் தின்றுவிட்டது என்று பதறுவார். உண்மையில் மணலில் பெரும்பகுதி தொலைந்துபோகவில்லை. உயரமான, நெருக்கமான அலைகள் அதை அரித்து, கரைக்கு அப்பால் நீருக்கடியில் ஒரு நீண்ட திட்டாகக் குவித்துவைக்கின்றன. அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டின் மேலேயே உடைந்துவிடுவதால் கரையை அடையும்போது அவற்றின் வலு குறைந்துவிடுகிறது. கடல் அடங்கியதும் தாழ்வான, நீண்ட அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு ஏற்றுகின்றன. போகும்போது நாட்கணக்கு, திரும்பும்போது மாதக்கணக்கு.

கரை தன்னைக் காத்துக்கொள்வது விட்டுக்கொடுத்துத்தான். இதைத் தடுக்க நினைத்து மனிதர் கட்டும் கல்சுவர் என்ன செய்கிறது என்றும் பாருங்கள். சுவரில் மோதிய அலை திரும்பி அடித்து, சுவருக்கு முன்னால் இருக்கும் மணலையே வாரிக்கொண்டு போகிறது. சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டடம் தப்பலாம், கரை போய்விடும். கடலுக்குள் நீட்டிக் கட்டும் தடுப்பு இன்னொரு பாடம். அலைகள் கரையில் சாய்வாக மோதுவதால் மணல் எப்போதும் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. தடுப்பு அதை ஒரு பக்கம் பிடித்துவைக்கும். அந்தப் பக்கம் கரை வளரும், மறுபக்கம் வரவேண்டிய மணல் வராமல் அரித்துக்கொண்டே போகும். நாம் தக்கவைத்துக்கொண்டது பக்கத்து ஊருக்குப் போயிருக்க வேண்டியது.

நான் இதைக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டின் முடிவுகள், சாவிகள், கணக்குகள், பேச்சில் கடைசி வார்த்தை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருப்பவர் சுவர் கட்டுகிறார். கொந்தளிப்பான நேரத்தில் கொஞ்சம் பின்வாங்கி, பிள்ளைகளின் கையில் கொடுத்தவற்றில் பெரும்பகுதி அமைதியான நாட்களில் மரியாதையாகவும் ஆலோசனை கேட்கும் பழக்கமாகவும் மெல்லத் திரும்பி வரும். எல்லாமே திரும்பிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆற்றில் அணைகட்டி மணல் வரத்தை நிறுத்திவிட்டால், அல்லது கரையிலேயே மணலை அள்ளிவிட்டால், எந்த அமைதியான பருவமும் கரையை மீட்டுத் தராது. உறவிலும் வரத்து வேண்டும். நாள்தோறும் கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் அக்கறை மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்க வேண்டும். அது நின்றுபோன வீட்டில் விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததாகவே போய்விடும்.

மணலில் குனிந்து பார்ப்பதற்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பமான கரைகளில், நீர் வற்றிய ஈர மணலின்மேல் ஆயிரக்கணக்கான சிறு மணல் உருண்டைகள் பரவிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லாத நண்டுகள் செய்தவை அவை. அசையாமல் ஓரிடத்தில் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் வளையின் வாயில் ஒரு ஜோடிக் கண்கள் தெரியும். நீங்கள் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் நண்டு வெளியே வந்து, இரண்டு கொடுக்காலும் மாறிமாறி மேல்மணலை வழித்து வாயில் வைக்கும். மணல்துகள்களில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களை வாயுறுப்புகள் நீரால் அலசிப் பிரித்தெடுத்துக்கொள்ள, மிஞ்சிய மணல் வாய்க்கு மேலே உருண்டையாகத் திரளும். போதிய அளவு திரண்டதும் அதை நறுக்கி எடுத்துக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிடும். ஒரே மணலை இரண்டு முறை சலிக்காமல் இருக்க அந்த உருண்டைகள் அடையாளமாகவும் உதவுகின்றன. வளையிலிருந்து வெளியே ஒரு நேர்க்கோட்டில் வேலை செய்துகொண்டே போகும், பிறகு இன்னொரு கோடு. ஆபத்து வந்தால் ஓடித் திரும்ப, வளைக்குப் போகும் பாதையை மட்டும் உருண்டை இல்லாமல் சுத்தமாக வைத்துக்கொள்ளும். நீர் ஏறத் தொடங்கியதும் உள்ளே போய் வாயை மூடிக்கொள்ளும். அடுத்த அலை அத்தனை உருண்டைகளையும் கரைத்துவிடும்.

பலர் இதைப் பார்த்து, "இவ்வளவு வேலையும் வீணாகிறதே" என்று இரங்குவார்கள். வீணாகவில்லை. நண்டு சாப்பிட்டுவிட்டது. உருண்டைகள் மிச்சம் மட்டுமே. நம் வாழ்நாள் வேலையில் கோப்புகள், கட்டடங்கள், பெயர்ப்பலகைகள் எல்லாம் உருண்டைகள்தான். அவை அழியும்போது மனம் கலங்குகிறது. ஆனால் அந்த வேலை நமக்கும் நம்மைச் சார்ந்தவர்களுக்கும் ஊட்டமாக மாறி உடம்பில் சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் படித்தார்கள், நாம் ஒரு திறமையில் தேர்ந்தோம், சிலருக்கு நல்லது நடந்தது. நீர் ஏறிவந்து அவற்றைக் கரைக்க முடியாது.

துறவி நண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் வயிற்றுப் பகுதி மென்மையானது. தனக்கென்று ஓடு கிடையாது. இறந்த நத்தையின் காலிச் சங்குக்குள் புகுந்து வாழும். உடல் வளர வளரப் பெரிய சங்கு தேவைப்படும். கரையில் ஒரு பெரிய காலிச் சங்கு ஒதுங்கினால், பல நண்டுகள் அதைச் சுற்றிக் கூடிப் பெரியதிலிருந்து சிறியது வரை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதுண்டு. முதல் நண்டு பெரிய சங்குக்கு மாறும்; அது விட்ட சங்குக்கு இரண்டாவது, அதன் சங்குக்கு மூன்றாவது என்று சில நொடிகளில் வரிசை முழுவதும் ஒரு படி ஏறிவிடும். ஐவன் சேஸ் என்ற சமூகவியலாளர் 1980-களில் இதை ஆராய்ந்தார். ஒரு பதவி காலியானால் அதற்குக் கீழே பலர் அடுத்தடுத்து உயர்வதை மனிதச் சமூகத்தில் பிறர் ஏற்கெனவே கண்டு சொல்லியிருந்தார்கள். அதையே நண்டுகளிடமும் அவர் கண்டார். வெளியேறுவதை நாம் ஒரு முடிவாகவே பார்க்கிறோம். நீங்கள் எழுந்த நாற்காலியில் ஒருவர் அமர்ந்தார், அவர் விட்டதில் இன்னொருவர், கடைசியில் எங்கோ ஓர் இளைஞருக்கு முதல் வேலை கிடைத்தது. அவர் முகத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அது நடந்திருக்கிறது. ஒரு வேண்டுகோள்: அழகாக இருக்கிறதென்று காலிச் சங்குகளைப் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். அவை காலியாகக் கிடப்பது அடுத்த குடித்தனக்காரருக்காக.

பறவைகளைப் பற்றி ஆளுக்கொரு பாடம் சொல்வார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீண்ட அலகைச் சேற்றில் செருகி இரை தேடும் பட்டைவால் மூக்கன் என்ற பறவை உண்டு. 2022 அக்டோபரில், செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஐந்து மாத இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு 11 நாட்கள் எங்கும் இறங்காமல் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவை அடைந்தது. தொலைவு சுமார் 13,560 கிலோமீட்டர். பறப்பதற்கு முன் இந்த இனம் உடலில் ஏராளமாகக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. கூடவே, பயணத்தில் வேலையில்லாத செரிமான உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. போய்ச் சேர்ந்ததும் அவை மீண்டும் வளர்ந்துவிடும். நம்மில் பலர் ஓய்வுக்குள் நுழையும்போது எல்லாவற்றையும் முழு அளவில் தூக்கிக்கொண்டு வருகிறோம்: பழைய கோபங்கள், பழைய போட்டிகள், தினமும் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் அவசரம். சில திறமைகளைக் கொஞ்ச காலம் சுருக்கிவைத்தால் அவை செத்துவிடாது; தேவைப்படும் கரை வந்தால் வளரும். இந்தக் கரையோரப் பறவைகள் நீர் வற்றும்போது, அது இரவானாலும், இரை தேடும். ஏறும்போது கூட்டமாக நின்று ஓய்வெடுக்கும். கூட்டம் நின்றுகொண்டிருந்தால் நடுவே நடந்து கலைத்துவிடாதீர்கள். நீண்ட பயணத்துக்கு அவை சேர்த்துவைக்கும் வலுவை ஒவ்வொரு கலைப்பும் கொஞ்சம் கரைக்கிறது.

கடல் "எல்லையற்றது" என்று சொல்லிக் கரையில் நிற்பவர் கண்ணுக்கு அடிவானம் இருப்பது ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான். அதே இடத்தில் பத்து மீட்டர் உயரமான மாடியில் ஏறினால் அது 11 கிலோமீட்டருக்கும் அப்பால் விலகிவிடும். வேறொன்றும் மாறவில்லை, நிற்கும் இடம் மாறியது. ஓய்வுக்காலக் கவலைகளில் பாதியை நான் இப்படி மாடியேறிப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்கிறேன்.

கடற்காற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாவதால் காற்று கடலிலிருந்து வரும், இரவில் திசை மாறும். நடை நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் ஒரு பாதுகாப்புச் செய்தியைச் சொல்லாமல் விடக்கூடாது. கரையில் குவிந்த நீர் மீண்டும் கடலுக்குப் போக ஒரு குறுகிய வழியைத் தேடும். அங்கே நீரோட்டம் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். ஆழமான வழி என்பதால் அங்கே அலைகள் அதிகம் உடைவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவே அமைதியான ஒரு பட்டை. பார்ப்பவர் அதையே பத்திரமான இடம் என்று நினைத்து இறங்குகிறார். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது. எவ்வளவு வலுவான நீச்சல்காரரும் களைத்துப்போவார். கைகளை அசைத்து உதவி கேட்டபடி மிதக்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையைக் கடந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நம் வயதில் இன்னும் நல்லது, காவலர் இல்லாத கரையில் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பது.

எவ்வளவு நாள் தங்குவது என்று கேட்டீர்கள். குறைந்தது ஒரு நிலவுச் சுற்று, அதாவது அமாவாசை முதல் அடுத்த அமாவாசை வரை 29 அல்லது 30 நாட்கள். அதற்குக் குறைந்தால் ஓதத்தின் முழு ஏற்ற இறக்கமும் உங்கள் கண்ணில் படாது. பேரப்பிள்ளையின் தேர்வு முடியட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், முழங்கால் வலி தீரட்டும் என்று தள்ளிப்போடுபவர்களுக்கு, அலை ஓய்ந்து தலை முழுக முடியாது என்ற பழமொழியே பதில். போகும்போது ஒரு சிறிய குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் வற்றிய நேரம், கரையின் அகலம் காலடியில் எத்தனை, என்ன உயிர்கள் கண்ணில் பட்டன என்று நான்கு வரி போதும். மூன்றாவது வாரத்தில் பழைய பக்கங்களைப் புரட்டும்போது, நீங்கள் கவனித்திராத மாற்றங்களை அந்த வரிகள் காட்டும். டார்வின் பாறைகளிலும் படகின் அடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசுகளைப் பற்றி மட்டும் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டு உழைத்தார். ஒரு சிறிய உயிரைப் பார்க்க ஒரு மாதம் ஒதுக்குவது அதிகம் இல்லை.

அதே கொட்டலசு, நிரந்தரமாகக் கடலோரம் குடியேறலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வழி காட்டுகிறது. அதன் இளம்பருவத்தில் நீந்தித் திரியும். கடைசிக் கட்டத்தில் இரையே எடுக்காமல், சேர்த்துவைத்த வலுவை வைத்துக்கொண்டு பாறை பாறையாகத் தடவிப் பார்க்கும். தன் இனத்தார் ஏற்கெனவே வாழும் இடத்தின் வேதித் தடயத்தை அறிந்து, அங்கே தலையை ஒட்டவைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நகர முடியாது. காட்சி அழகாக இருக்கிறது என்பதற்காக ஆளரவமற்ற கரையில் வீடு வாங்கியவர்கள் இரண்டே ஆண்டில் தனிமையால் வாடியதைக் கண்டிருக்கிறேன். ஒட்டிக்கொள்வதற்கு முன் தடவிப் பாருங்கள். அமைதியான பருவத்தில் ஒரு மாதம், கொந்தளிப்பான பருவத்தில் ஒரு மாதம் வாடகைக்குத் தங்குங்கள். மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் அழைத்தால் வர யார் இருக்கிறார்கள், மழை நாளில் பேச்சுத்துணை யார் என்று பாருங்கள். கரையின் அகலத்தை இரண்டு பருவத்திலும் அளந்து, பக்கத்தில் புதிதாகத் தடுப்போ சுவரோ கட்டியிருக்கிறார்களா என்றும் விசாரித்த பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம்.